பிழைப்புக்கு ஒரு மொழி



ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபர சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டில் காசிக்குச் சென்றார். அங்கே ஒரு மடம் அமைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இடம் அளிக்க வேண்டியவரோ முகலாய ஆட்சியாளர். அவரோடு பேசுவதற்கு இந்துஸ்தானி தேவைப்பட்டது. தமிழ்ப் புலமையில் தமக்கு நிகரில்லாத சுவாமிகளுக்கு அந்த மொழி தெரியாது. அது தமக்கு வாய்க்க வேண்டும் என்று கலைமகளை வேண்டிப் பாடியதே சகலகலாவல்லி மாலை என்று மடத்து வரலாறு கூறும். அந்நூலின் பக்திச் சிறப்பைப் பற்றிப் பேசுவதற்கு நான் இன்று வரவில்லை. அந்த வரலாற்றில் என் மனத்தைக் கவர்வது வேறொன்று. சுவாமிகள் இந்துஸ்தானியின் இலக்கியச் சுவையை நாடிப் போனவர் அல்லர். அயலூரில் ஓர் அதிகாரியின் முன் நின்று, தமக்கு வேண்டியதை மரியாதை குறையாமலும், குழைந்து தாழாமலும் கேட்க வேண்டியிருந்தது. மொழி அந்தக் காரியத்துக்காகவே வேண்டியிருந்தது.

அதே ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இப்பொழுது ஞாயிற்றுக்கிழமை தோறும் பேருந்து ஏறித் தூத்துக்குடிக்குச் செல்கிறேன். இலங்கையிலிருந்து அகதிகளாய் வந்த குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களும் பெண்களும் இருபது பேர் போல அங்கே கூடுகிறார்கள். வேலைத்தலத்தில் வேண்டிய ஆங்கிலத்தை நானும் வேறு இரண்டு ஆசிரியர்களும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். குமரகுருபரருக்கு நேர்ந்த அதே தேவைதான் இவர்களுக்கும். இவர்களுக்கு இடம் அளிக்க வேண்டியவர் மட்டும் வேறு.

1983-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் படகேறித் தமிழகக் கரைக்கு வரத் தொடங்கினர். 1990-ஐ ஒட்டியும், 2006-க்குப் பின்னும் மீண்டும் கூட்டம் கூட்டமாக வந்தனர். 2021-இல் அரசு தெரிவித்த கணக்கின்படி தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர்; முகாமுக்கு வெளியே வாழ்ந்தவர் ஏறத்தாழ 34,000 பேர். அவ்வாண்டில்தான் அகதிகள் முகாம் என்னும் பெயர் நீக்கப்பட்டு, மறுவாழ்வு முகாம் என்னும் பெயர் வந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் தாப்பாத்தியிலும் மாப்பிள்ளையூரணியிலும் அத்தகைய முகாம்கள் உள்ளன. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், சிறுவர்க்கு 500 ரூபாய் என்று உதவித் தொகை அவ்வாண்டில் உயர்த்தப்பட்டது. இத்தொகையில் ஒரு குடும்பம் எத்தனை நாள் உண்ண முடியும் என்பதை உங்கள் வீட்டில் கணக்கெழுதுகிறவரைக் கேட்டால் சொல்வார்.

இந்த முகாம்களில் படித்தவர்கள் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பட்டம் பெற்றவர் உண்டு. பொறியியல் கற்றவரும் உண்டு. அவர்களுள் பலர் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுகிறார்கள். அத்தொழில் இழிவானதன்று. ஆயினும் அவர்கள் அதை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். சாரத்தின்மேல் ஏறுகிறவனிடம் யாரும் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை என்பதால் அந்த வேலைக்கு வந்தவர்கள். அரசுப் பணிக்கான தேர்வை எழுதக் குடியுரிமை வேண்டும். அது இல்லாதவனுக்கு அந்தக் கதவு அடைபட்டது. எஞ்சியிருப்பது தனியார் நிறுவனம். அங்கே நேர்முகத் தேர்வில் முதல் கேள்வி ஆங்கிலத்தில் வருகிறது. நம் ஊர்ப் பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறினால் அடுத்த ஆண்டு அரசுத் தேர்வு எழுதலாம். மாமாவின் கடையில் அமரலாம். முகாம்ப் பிள்ளைக்கு அந்த மாற்று வழிகள் இல்லை. ஆகவே ஆங்கிலம் உங்களுக்கு எவ்வளவு தேவையோ, அதனினும் அவனுக்கு மிகுதி.

இதில் வரலாற்றின் விந்தை ஒன்று இருக்கிறது. ஆங்கிலக் கல்வியில் யாழ்ப்பாணத்தார் நமக்கு முன்னோடிகள். அமெரிக்கப் பாதிரிமார் வட்டுக்கோட்டையில் 1823-இல் உயர்கல்விச் சாலை ஒன்றைத் தொடங்கினர். சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதல் பட்டத் தேர்வு நடத்தியபோது தேறிய இருவரும் அங்கே பயின்றவர்களே. அவர்களுள் ஒருவர், பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை. அக்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த தமிழன் ஆங்கிலத்தோடு வந்தான். வந்த இடத்தில் உத்தியோகம் அவனைத் தேடி வந்தது. மலேயா நாட்டின் புகைவண்டி நிலையங்களிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்து எழுத்தர்கள் நிறைந்திருந்த காலமும் உண்டு. பிறகு 1956-இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்று இலங்கையில் சட்டம் வந்தது. சிங்களம் கற்றுத் தேறாத தமிழ் ஊழியர் பதவி உயர்வை இழந்தனர்; பலர் பதவியையே இழந்தனர். ஒரு மொழி ஒருவனுக்குச் சோறு போடும் என்பதையும், அதே சோற்றைத் தட்டிப் பறிக்கும் என்பதையும் அந்த மக்கள் நமக்கு முன்பே கண்டுவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத்தான் நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன்.

எந்த ஆங்கிலத்தைக் கற்பிப்பது? இதுதான் எங்கள் முன் நின்ற முதல் வினா. இலக்கணத்திலிருந்து தொடங்கினால் வினைச்சொல்லின் காலங்கள் முடிவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். இந்த முத்துக்குளித்துறையே எங்களுக்கு விடை சொன்னது என்பேன். போர்த்துக்கீசியர் இக்கரைக்கு வந்து வாணிகம் செய்த காலத்தில் நம்மவருள் பெரும்பாலோர் அவர்களுடைய இலக்கணத்தைக் கற்கவில்லை. ஆயினும் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகிய போர்த்துக்கீசியச் சொற்கள் நம் வீட்டுக்குள் வந்து இன்றுவரை தங்கிவிட்டன. கையாளும் பொருளோடு சேர்ந்து வந்தமையால் அவை நிலைத்தன. அந்த முறையையே நாங்களும் மேற்கொண்டோம். வேலை எதுவோ அதன் பொருள்களும் செயல்களும் முதலில். இலக்கணம் பிறகு, வேண்டிய அளவுக்கு.

தூத்துக்குடித் துறைமுகத்தை அண்டிய வேலைகள் பல. சரக்குப் பெட்டகக் கிடங்கு, கப்பல் முகவர் அலுவலகம், இறால் பதனிடும் ஆலை, குளிர்பதனக் கிடங்கு என்று சொல்லிக்கொண்டு போகலாம். ஒரு சரக்குப் பெட்டகத்தின் அடையாளத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு ஆங்கில எழுத்துகள், பிறகு ஏழு இலக்கங்கள். ஏழாவது இலக்கம் முன்னுள்ளவை சரியா என்று சோதிப்பதற்கென்றே அமைந்தது. இந்தப் பதினொன்றையும் ஒருவர் கம்பியில்லாக் கருவியில் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். இங்கே தமிழன் இடறுகிறான். நமக்குப் பகரம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஒலிப்பிலும் எழுத்திலும் அது இரண்டு. இரைச்சலில் எது எது என்று யார் அறிவார்? இதற்காகவே கப்பலோட்டிகளும் விமானிகளும் எழுத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஒன்று பிராவோ, மற்றது பாப்பா. பாப்பா என்றவுடன் வகுப்பு முழுதும் சிரித்தது. சிரித்ததனால் ஒருவரும் மறக்கவில்லை.

எண்களும் அப்படியே. இறாலும் மீனும் ஏற்றுமதியாகும்போது குளிர்நிலை பூஜ்யத்துக்குக் கீழ்ப் பதினெட்டு பாகை இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பதினெட்டும் எண்பதும் காதுக்கு ஏறத்தாழ ஒன்று போலவே விழுகின்றன. பதினைந்தும் ஐம்பதும் அவ்வாறே. எனவே எண்ணை முழுதாகச் சொன்ன பின் இலக்கம் இலக்கமாக ‘ஒன், எயிட்’ என்று திருப்பிச் சொல்லும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்தினோம்.

இடையில் ஒன்று சொல்கிறேன். இம்மாணவரின் பெற்றோர் ஆங்கில ஒலிகளைத் தமிழில் எழுதும் முறை நம்முடையதன்று. நாம் டொராண்டோ என்று எழுதும் கனடிய நகரை அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுவார்கள்; டீச்சர் அவர்களுக்கு ரீச்சர். ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் படிப்பது தொடக்கத்தில் எளிதாய்த் தோன்றும். ஆனால் தாய் எழுதிய குறிப்பை மகள் ஒருவாறு படிக்க, நான் வேறொருவாறு படிக்க, ஒரே சொல்லுக்கு மூன்று ஒலிகள் கிளம்பின. அன்றே அந்த முறையைக் கைவிட்டோம். காதால் கேட்டு வாயால் சொல்வதே வழி என்று கொண்டோம்.

சொற்கள் தெரிந்தால் மட்டும் போதுமா? பிரிட்டனில் 1970-களில் தென்னாசியாவிலிருந்து குடியேறிய தொழிலாளர்க்கு வேலைத்தலத்திலேயே ஆங்கிலம் கற்பிக்கும் மையங்கள் இயங்கின. அவற்றோடு சேர்ந்து ஆராய்ந்த ஜான் கம்பர்ஸ் என்னும் மொழியறிஞர் 1982-இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி கூறுகிறார். விமானநிலையம் ஒன்றின் ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாகப் பரிமாறும் வேலைக்கு வந்தனர். அவர்கள் சிடுசிடுப்பானவர்கள் என்று உண்ண வந்தவர்களும் மேலாளரும் குறை சொன்னார்கள். கூர்ந்து பார்த்தால் அவர்கள் பேசியது ஒரே சொல். இறைச்சி வாங்கியவரிடம், மேலே ஊற்றும் சாறு வேண்டுமா என்று கேட்பதற்காக ‘கிரேவி’ என்றார்கள். ஆங்கிலப் பெண் அச்சொல்லின் கடைசியில் குரலை உயர்த்துவாள், அது வினாவாகும். நம் பெண்கள் குரலைத் தாழ்த்தி முடித்தார்கள். ‘இது கிரேவி, வேண்டுமானால் எடு’ என்று சொன்னதுபோல் அது ஆங்கிலேயர் காதில் விழுந்தது! ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி ஆசிரியர் விளக்கிய பிறகே, தங்களை ஏன் எல்லாரும் வெறுத்தார்கள் என்பது அப்பெண்களுக்குப் புரிந்தது. அவர்களுடைய மனத்தில் பகை இல்லை. குரலின் ஏற்றத்தில்தான் குறை இருந்தது.

தமிழர்க்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. நாம் வினவும்போது சொல்லின் ஈற்றில் ஓர் ஆகாரம் சேர்க்கிறோம். குழம்பா, சாம்பாரா, நாளைக்கா என்று அந்த ஆகாரமே வினாவின் சுமையைத் தாங்கிக்கொள்கிறது. குரல் உயர வேண்டிய அவசியமில்லை. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லால் கேட்கும்போது நமக்குப் பழகிய ஆகாரம் இல்லை. குரலையும் உயர்த்தப் பழகவில்லை. ‘டுமாரோ’ என்று நாம் பணிவாகக் கேட்டது, கட்டளைபோல் போய்ச் சேர்கிறது. இதை விளக்கிய அன்று ஒரு மணிநேரம் முழுதும் ஒரே சொல்லை இரண்டு விதமாகச் சொல்லிப் பழகினோம். வெளியில் நின்று கேட்டவர்கள் எங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று எண்ணியிருக்கலாம்.

இனி, இத்தொழிலில் நான் மிகவும் கருதுவதைச் சொல்லுகிறேன். அகதிகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பது உலகத்தில் புதிய செயலன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் வீடிழந்தவர்களை 1947 முதல் ஆஸ்திரேலியா கப்பல் கப்பலாக ஏற்றுக்கொண்டது. அரசு காட்டிய இடத்தில் இரண்டு ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. கப்பலிலேயே ஆங்கில வகுப்பு நடந்தது. போனெகில்லா போன்ற முகாம்களிலும் நடந்தது. வானொலியும் பாடம் ஒலிபரப்பியது. வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாடுகளிலிருந்து ஓடி வந்தவர்களுக்காக 1980-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் பத்தானில் பெரியதொரு முகாம் திறக்கப்பட்டது. அமெரிக்காவுக்குப் போகுமுன் அங்கே பல மாதம் தங்கி ஆங்கிலமும் வேலைப் பழக்கமும் கற்றனர். இவை நல்ல முயற்சிகள்தாம். ஆயினும் எல்சா ஆவர்பாக், டெனிஸ் பர்ஜஸ் என்னும் இரு அறிஞர்கள் இத்தகைய பாடநூல்களை ஆராய்ந்து 1985-இல் ஒரு குற்றம் சாட்டினார்கள். அகதிக்குக் கற்பித்த வாக்கியங்களுள் பெரும்பாலானவை கட்டளையை ஏற்பதற்கும், மன்னிப்புக் கேட்பதற்கும் உரியவை. மேலாளர் சொன்னதை மறுப்பதற்கோ, காரணம் கேட்பதற்கோ போதிய வாக்கியம் இல்லை. ஜேம்ஸ் டாலெஃப்சன் என்பவரும் பத்தான் முகாமைப் பற்றி 1989-இல் நூல் எழுதி, அங்கே மக்களைக் குறைந்த கூலி வேலைக்கே பழக்கினார்கள் என்றார்.

இதைப் படித்தபோது எங்கள் பாடக் குறிப்பை எடுத்துப் பார்த்தோம். ‘எஸ் ஸார்’ என்பதை நாங்கள் கற்பிக்க வேண்டியதில்லை. அதை எல்லாரும் அறிவார்கள். தெரியாததைத் தெரியும் என்று தலையாட்டுவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு அது இன்னும் ஆழமாய் ஊன்றியிருக்கிறது. அதிகாரி எவரேனும் கேட்டால் விரைவாக ஆமென்று சொல்லி அகல்வதே பாதுகாப்பு என்று அவன் பிறந்தது முதல் கண்டிருக்கிறான். அந்தத் தலையாட்டல் உயிருக்கே கேடாகலாம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். தூத்துக்குடிக்கு மரத்தடிகளும் நிலக்கரியும் கப்பலில் வருகின்றன. மூடிய கப்பலறையில் இவை கிடந்தால் அங்குள்ள காற்றின் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மணமில்லை, புகையில்லை, உள்ளே இறங்கியவன் சில நொடிகளில் விழுவான். அவனைத் தூக்க இறங்கியவனும் விழுவான். காற்றோட்டம் விட்டு, கருவியால் சோதித்த பிறகே இறங்க வேண்டும் என்பது விதி. இந்த இடத்தில் ஒருவனுக்கு வேண்டிய ஆங்கிலம் ‘ஹாஸ் தி ஏர் பீன் டெஸ்டெட்?’ என்பது. காற்றைச் சோதித்தாயிற்றா என்று பொருள். இலக்கண ஆசிரியர் இதைச் செயப்பாட்டு வினை என்று பத்தாவது பாடத்தில் வைப்பார். நாங்கள் இரண்டாவது வாரத்தில் வைத்தோம்.

அதனோடு சேர்த்து வேறு சில வாக்கியங்களையும் வைத்தோம். ‘ப்ளீஸ் ஸே தட் அகெய்ன்.’ ‘டூ யூ மீன் திஸ் ஒன்?’ ‘ஐ ஹாவ் நாட் பீன் ட்ரெய்ன்ட் ஆன் திஸ் மெஷின்.’ இந்த இயந்திரத்தை இயக்க எனக்குப் பயிற்சி இல்லை என்று சொல்வதற்கு எத்தனை துணிவு வேண்டும் என்பதை வகுப்பில்தான் பார்த்தேன். வாக்கியம் எல்லாருக்கும் மனப்பாடம். மேலாளராக நான் நாற்காலியில் அமர்ந்து முகத்தைச் சுளித்துக்கொண்டதும் பாதிப் பேர் வாய் அடைத்துப்போனார்கள். ஆகவே முகம் சுளிக்கும் வேலையையும் அவர்களிடமே கொடுத்தேன். மேலாளராக நடிப்பதில் அவர்கள் என்னினும் கடுமையாயிருந்தார்கள்!

விடுப்புக் கேட்பதும் எங்களிடம் ஒரு பெரும் பாடம். முகாமில் குறித்த நாட்களில் ஆள் கணக்கு எடுப்பார்கள். அன்று நேரில் இல்லாவிட்டால் உதவித் தொகைக்கு இடையூறு வரும். ஆலையிலோ அன்றைக்கு முறைவேலை இருக்கும். காரணம் சொல்ல வெட்கப்பட்டு, உடல்நலமில்லை என்று பொய் சொல்லி, அது மூன்றாம் மாதம் வெளிப்பட்டு வேலையை இழந்தவர் உண்டு. வெளியூரில் யாருக்கும் தேவைப்படாத ஒரு வாக்கியத்தை இதற்காகச் சமைத்தோம். கணக்கெடுப்பு நாள் இன்னது, அன்று முறையை மாற்றித் தர வேண்டும், ஈடாக எந்த நாளும் வருகிறேன் என்பதை மூன்று மூச்சில் சொல்வது அது. உண்மையைச் சொல்வதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது.

அதனினும் கடினமான கேள்வி ஒன்று நேர்முகத் தேர்வில் வரும். ‘வாட் இஸ் யுவர் நேட்டிவ் ப்ளேஸ்?’ நமக்கு இது மிக எளிய கேள்வி. முகாமில் பிறந்து, இலங்கையைக் கண்ணாலும் பாராத பெண் எதைச் சொல்வாள்? தூத்துக்குடி என்றால், சான்றிதழைப் பார்த்தவுடன் மறைத்தாள் என்பார்கள். மன்னார் என்றால் அது அவள் தாயின் ஊர். இதைப் பற்றி வகுப்பில் ஒரு முழுப் பொழுதும் வழக்காடினார்கள். மறைக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. கேட்ட பின் சொன்னால் போதும் என்றது இன்னொரு கட்சி. வணிகவியல் பட்டம் பெற்ற ஒரு பெண், எதைச் சொல்வது என்பதைவிட எதை முதலில் சொல்வது என்பதே முக்கியம் என்றாள். அவள் சொன்ன முறை இது: முதல் வாக்கியத்தில் பட்டமும் மதிப்பெண்ணும். இரண்டாவதில், பெற்றோர் 1990-இல் மன்னாரிலிருந்து வந்தனர், நான் இங்கே முகாமில் பிறந்தேன் என்பது. மூன்றாவதில், என்னிடம் அடையாள அட்டை உள்ளது, வேலையில் எப்போது சேர வேண்டும் என்பது. மூன்றாவது வாக்கியம் கேள்வியாய் முடிவதால் பேச்சு மறுபடியும் வேலைக்கே திரும்பிவிடும் என்பது அவள் கணக்கு. நாற்பது ஆண்டு ஆங்கிலம் படித்த எனக்கு இந்த உத்தி தோன்றியதில்லை. இப்போது எங்கள் பாடக் குறிப்பில் அது இருக்கிறது. அவள் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறாள்.

எல்லாருக்கும் அப்படி வாய்த்துவிடவில்லை. ஆங்கிலம் நன்றாகவே பேசி, தேர்விலும் வென்று, காவல்துறைச் சான்று, கடவுச்சீட்டு என்று ஒவ்வொன்றாய்க் கேட்கப்பட்டுத் திரும்பி வந்தவர்களும் எங்கள் வகுப்பில் உண்டு. அவர்களுள் ஒருவர் மீண்டும் வண்ணம் பூசப் போனார். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு மட்டும் தவறாமல் வருகிறார். மொழி ஒரு கதவைத்தான் திறக்கும். அடுத்த கதவு சட்டத்தினுடையது. அதற்கு ஆங்கில ஆசிரியனிடம் சாவி இல்லை.

கல்லூரி மாணவர்களாகிய உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புத்தகமோ பணமோ நான் கேட்கவில்லை. எங்கள் மூன்று ஆசிரியரின் குரலும் மாணவர்க்குப் பழகிப்போயிற்று. நாங்கள் கேட்கும் கேள்வி வருமுன்பே விடை வந்துவிடுகிறது. மேசைக்கு எதிரில் அமர்ந்து, அறிமுகமில்லாத முகத்தோடும் குரலோடும், கொஞ்சம் வேகமாகவும் கொஞ்சம் பொறுமையின்றியும் கேள்வி கேட்பவர்கள் எங்களுக்கு வேண்டும். உங்கள் ஊருக்கு அருகில் இத்தகைய முகாம் இருக்குமானால், அங்கும் இதே தேவை இருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு போதும். அடுத்த மாதம் எங்களுக்குத் தொலைபேசிப் பாடம். எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. தலையாட்டினாலும் அவருக்குப் புலப்படாது. பக்கத்து அறையிலிருந்து பேசுவதற்கு இரண்டு புதிய குரல்கள் இன்னும் கிடைக்கவில்லை.